சிஸ்டம் சேத்தாச்சு, விண்டோஸ் ஏற மாட்டேங்குது!

இந்த தடவை வந்த கடிதாசு, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம் தான். ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ பார்ட்ஸ் வாங்கி வீட்டுலயே சிஸ்டம் சேத்துட்டாங்க, திருப்புளி வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, ஓஎஸ், அதான் விண்டோஸ், போட உக்காந்தா தான் மண்டை காயுது. நல்ல எஸ்எஸ்டி இருந்தா விண்டோஸ் போடுறது அரை மணி நேரத்து வேலை கூட இல்லைங்க, மல்லுக்கட்டு எல்லாம் அதுக்கு முன்னாடி பயாஸ்லயும் (சிஸ்டம் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற போர்டோட சொந்த சாஃப்ட்வேர்) பென்டிரைவ்லயும் பிளக் பாயிண்ட்லயும் தான். அதனால இந்த இதழ் முழுக்க அந்த கேள்விகளுக்கே விட்டுட்டேன், போன் ரிப்பேர் பத்தி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

அண்ணே, ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ராம் ரெண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி எல்லாம் மெட்ராஸ்ல வாங்கி பல்லவன் ரயில்ல மடியில வச்சு கொண்டாந்து சேத்தேன். ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல ஒண்ணும் வரல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்துட்டேன். போர்டு போயிருச்சா? ரிட்டர்ன் போடவா?
கல்லூரி மாணவர், காரைக்குடி

தம்பி, மொதல்ல அந்த ஆஃப் பண்ணி ஆன் பண்றத நிறுத்துங்க. உங்களோடது மாதிரி ஏஎம்5 போர்டுல டிடிஆர்5 ராம் மாட்டி முதல் தடவை ஆன் பண்ணும்போது போர்டும் ராமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போக மெமரி ட்ரெயினிங்னு ஒண்ணு நடக்கும், அது முடியிற வரைக்கும் திரை கருப்பா தான் இருக்கும், சில போர்டுல பத்து நிமிஷத்துக்கு மேல கூட இழுக்கும். நீங்க ரெண்டு நிமிஷத்துல பொறுமை இழந்து பட்டனை அமுக்குறீங்க, அது மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. ஆன் பண்ணிட்டு ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க.

அப்பவும் வரலைன்னா போர்டோட ஓரத்துல, பெரும்பாலும் ராம் பக்கமா, குட்டி குட்டியா நாலு எல்இடி இருக்கும், சிபியு, டிரேம், விஜிஏ, பூட்னு பேர் போட்டிருக்கும். எது எரிஞ்சுக்கிட்டே நிக்குதோ அங்க தான் சிக்கல். டிரேம்ல நின்னா ராமை கழட்டி மாட்டுங்க, ரெண்டு ராம்னா ப்ராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட், நாலாவது ஸ்லாட், பக்கத்துல பக்கத்துல மாட்டக் கூடாது. சிபியுல நின்னா மேல இடது மூலையில 8 பின் பவர் கேபிள் குத்தியிருக்கான்னு பாருங்க, கேபினட்டுக்குள்ள கை போகாத இடத்துல இருக்கிறதால நிறைய பேர் விட்டுருவாங்க. பூட் லைட் எரிஞ்சா சந்தோஷப்படுங்க, எல்லாம் சரியா இருக்கு, ஓஎஸ் இல்லைன்னு தான் அது சொல்லுது.

இன்னொண்ணு, உங்க 7600-க்குள்ளயே சின்னதா கிராஃபிக்ஸ் இருக்கு, அதனால போர்டு எச்டிஎம்ஐ-யில மானிட்டரை மாட்டலாம். இதை படிக்கிற மத்தவங்களுக்கு சொல்றேன், ரைசன் 5 5600, இன்டெல் 12400எஃப் இந்த மாதிரி ப்ராசஸர்ல கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டு எச்டிஎம்ஐ-யில விடிய விடிய மாட்டி வச்சாலும் படம் வராது, கிராஃபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும், கேபிளும் அதுல தான் போகணும். காசு மிச்சம்னு எஃப் போட்ட இன்டெல் ப்ராசஸரை வாங்கிட்டு அப்புறம் கார்டுக்கு அலையிறவங்க நம்ம பக்கம் நிறைய.

சார், விண்டோஸ் 11 மொத்தத்தையும் ஒரே மூட்டையா கட்டின ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் பண்ணி 16 ஜிபி பென்டிரைவ்ல காப்பி பண்ணப் போனேன், ஃபைல் ரொம்ப பெருசுன்னு எர்ரர் வருது. திறந்து உள்ள இருக்கிற ஃபைலையெல்லாம் காப்பி பண்ணலாம்னு பாத்தாலும் அதே எர்ரர் தான். பென்டிரைவ்ல இடம் இருக்கு, ஆனா ஏறல. ஏன்?
வாசகர், தேவகோட்டை

இடம் இருக்குங்க, ஆனா பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்ல இருக்கு. அதுல ஒரு தனி ஃபைல் 4 ஜிபிய தாண்டக் கூடாது, விண்டோஸ் ஐஎஸ்ஓ உள்ள இன்ஸ்டால்.விம்னு ஒரு ஃபைல் இருக்கு, அது 4 ஜிபிக்கு மேல. சரி என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் பண்ணிக்கலாமேன்னா, நிறைய போர்டோட யூஇஎஃப்ஐ-க்கு, அதான் இந்த காலத்து பயாஸ், என்டிஎஃப்எஸ் படிக்க தெரியாது. ரெண்டு பக்கமும் அடைப்பு. ஐஎஸ்ஓ ஃபைல் அப்படியே பென்டிரைவ்ல ஏறியிருந்தாலும் அது சும்மா ஒரு ஃபைல், அதை வச்சு சிஸ்டம் கிளம்பாது.

சுலபமான வழி, ஓடுற விண்டோஸ் சிஸ்டம் ஒண்ணுல, அக்கம்பக்கத்துல யாரு வீட்டுலயாவது இருந்தா போதும், மைக்ரோசாஃப்ட் சைட்டுக்கே போயி மீடியா கிரியேஷன் டூல்னு ஒண்ணு இலவசமா தர்றாங்க, அதை இறக்கி ஓட விடுங்க, 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதுவே இறக்கி அதுவே பென்டிரைவை தயார் பண்ணிரும். ஐஎஸ்ஓ ஏற்கனவே இறக்கிட்டீங்க, மறுபடி டேட்டா செலவு பண்ண மனசில்லைன்னா ரூஃபஸ்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் இருக்கு, பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ வச்சு ஸ்டார்ட் குடுங்க, அந்த 4 ஜிபி சிக்கலை அதுவே சமாளிச்சுக்கும். எது பண்ணாலும் பென்டிரைவ்ல இருக்கிறது மொத்தமா அழிஞ்சிரும், கல்யாண போட்டோ ஏதாவது கெடக்குதான்னு பாத்துக்கங்க.

அப்புறம் அந்த பென்டிரைவை கேபினட் பின்னாடி போர்டுலயே இருக்கிற போர்ட்ல குத்துங்க, முன்னாடி பேனல்ல வேணாம். ஆன் பண்ணின கையோட பூட் மெனு கீயை டக்கு டக்குனு தட்டணும், ஆசுஸ்னா எஃப்8, ஜிகாபைட்னா எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ரெண்டுக்கும் எஃப்11. லிஸ்ட்ல ஒரே பென்டிரைவ் பேரு ரெண்டு தடவை வந்தா யூஇஎஃப்ஐ-ன்னு முன்னாடி போட்டிருக்கிறதை தான் எடுக்கணும்.

கடையில 'லைட் எடிஷன்', 'கேமர் எடிஷன்'னு ஆக்டிவேட் பண்ணியே பென்டிரைவ்ல போட்டு தர்றாங்க, அதை தொடவே தொடாதீங்க. உள்ள யாரு என்னத்தை எடுத்துட்டு என்னத்தை வச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது, அதுல உக்காந்து தான் நீங்க பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போறீங்க.

செகண்ட் ஹேண்ட்ல ரைசன் 5 3600, பி450 போர்டு வாங்கினேன். இந்த ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 ஓடும்னு தான் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருக்கு. ஆனா போடப் போனா இந்த பிசியில ஓடாதுன்னு திரும்ப திரும்ப சொல்லுது. ஏமாந்துட்டேனா?
வாசகர், கோட்டையூர்

ஏமாறல. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (சாவியை பத்திரமா வைக்கிற பாதுகாப்பு பகுதி) வேணும், செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் கிளம்ப விடுற காவல்) பண்ற வசதி வேணும், 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், இவ்வளவு தான். 3600-ல டிபிஎம் ப்ராசஸருக்குள்ளயே இருக்கு, ஏஎம்டி அதுக்கு எஃப்டிபிஎம்னு பேரு வச்சிருக்கு, இன்டெல்ல அதே சமாச்சாரம் பிடிடி. விண்டோஸ் 11 வந்ததே 2021 அக்டோபர்ல தான், உங்க போர்டு அதுக்கு முந்தினது, அப்ப யாரும் இதை கேக்கலைங்கிறதால ஆஃப்லயே விட்டிருப்பாங்க. டெலிட் கீய தட்டி பயாஸுக்குள்ள போயி எஃப்டிபிஎம்மை ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மூலையில ஒளிச்சு வச்சிருக்கும், சிலதுல அட்வான்ஸ்டு உள்ள, சிலதுல செக்யூரிட்டி உள்ள, சிலதுல ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங்னு தலைப்பே வேற.

அடுத்தது சிஎஸ்எம். பழைய முறையில பூட் பண்றதுக்கான ஏற்பாடு அது, அதை ஆஃப் பண்ணணும், அப்ப தான் முழுசா யூஇஎஃப்ஐ-க்கு வரும், செக்யூர் பூட்டும் தலை காட்டும். இங்க ஒரு எச்சரிக்கை, உங்க ப்ராசஸர்ல கிராஃபிக்ஸ் இல்லாததால ஏதோ ஒரு கார்டு மாட்டியிருப்பீங்க, அது பத்து பன்னெண்டு வருஷத்து பழசுன்னா யூஇஎஃப்ஐ-க்கு ஏத்த பயாஸ் அதுல இல்லாம இருக்கலாம், சிஎஸ்எம்மை ஆஃப் பண்ணின மறு நிமிஷம் திரையே வராம போயிரும். அப்படி ஆச்சுன்னா பயப்படாதீங்க, பவர் வயரை உருவிட்டு போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் கழிச்சு போட்டா பயாஸ் செட்டிங் பழையபடி திரும்பிரும். அந்த பேட்டரிய கையோட புதுசாவே மாத்திருங்க, வாட்ச் கடையிலயே கிடைக்கும், செகண்ட் ஹேண்ட் போர்டுல அது செத்துப் போயி நேரமும் செட்டிங்கும் நிக்காம இருக்கிறது சகஜம்.

இன்ஸ்டால் வரைக்கும் போயிட்டேன், எந்த டிரைவ்ல போடணும்னு கேக்குற இடத்துல லிஸ்ட்டே காலியா இருக்கு. என்விஎம்இ பயாஸ்ல தெரியுது. இன்டெல் 13-வது ஜென் ப்ராசஸர். தம்பியோட சிஸ்டத்துல வேற மாதிரி, டிரைவ் தெரியுது, ஆனா எம்பிஆர்னு ஏதோ சொல்லி போட விடமாட்டேங்குது.
வாசகர், கண்டனூர்

அண்ணன் தம்பிக்கு வியாதி வேற வேற.

உங்களோடது விஎம்டி. இன்டெல் 11-வது ஜென்லேர்ந்து டிஸ்க்கை ஒரு கன்ட்ரோலருக்கு பின்னாடி வைக்கிற ஏற்பாடு இருக்கு, சில போர்டுல அது வரும்போதே ஆன்ல இருக்கும், விண்டோஸ் இன்ஸ்டாலர் கிட்ட அதுக்கான டிரைவர் இல்லைன்னா டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. வீட்டு சிஸ்டத்துக்கு, ஒரே ஒரு எஸ்எஸ்டி வச்சிருக்கிறவங்களுக்கு, அது தேவையே இல்ல, பயாஸ்ல விஎம்டிய ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆரம்பிங்க. ஆனா இதை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி தான் செய்யணும், விண்டோஸ் ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்துல போயி இதை மாத்தினா அடுத்த தடவை நீல திரை தான் வரும்.

தம்பியோடது பழைய சிஸ்டத்துலேர்ந்து கழட்டின டிஸ்க்கா இருக்கும், அது எம்பிஆர்ங்கிற பழைய முறையில பிரிச்சது, யூஇஎஃப்ஐ-யில விண்டோஸ் போடணும்னா ஜிபிடிங்கிற புது முறை தான் வேணும். டிஸ்க்ல எதுவும் தேவையில்லைன்னா அந்த டிஸ்க்கோட பார்ட்டிஷன் அத்தனையும் அங்கனயே டெலிட் பண்ணிட்டு வெறும் அன்அலொகேட்டட்னு ஒரே வரி நிக்கிறப்ப அதை செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க, அதுவே ஜிபிடியா மாத்திக்கும். 'தேவையில்லைன்னா'ங்கிறதை ரெண்டு தடவை படிக்க சொல்லுங்க.

தம்பி, என் பேரன் லீவுக்கு வந்தவன் சிங்கப்பூர்லேர்ந்து அவங்க அப்பச்சி அனுப்பிச்ச சாமானையெல்லாம் வச்சு எங்க பழைய வீட்டுல, ரெண்டாங்கட்டுல இருக்கிற ரூமுல கம்ப்யூட்டர் பூட்டியிருக்கான். அந்த பெட்டிய தொட்டா சுர்ருனு இருக்கு, வெறுங்காலோட நின்னா இன்னும் ஜாஸ்தி. விண்டோஸ் கெட்டுப் போயிருச்சுன்னு அவன் ரெண்டு தடவை அழிச்சு போட்டான். அதுவும் பாதியில நெட்டு கேட்டு நின்னுருது, நெட்டு பெட்டி முகப்புல இருக்கு.
ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

ஆச்சி, பேரன் மேலயும் தப்பில்ல, விண்டோஸ் மேலயும் தப்பில்ல. விண்டோஸை நூறு தடவை அழிச்சு போட்டாலும் அந்த சுர்ருனு இருக்கிறது போகாது, அது உங்க செவுத்துல இருக்கிற பிளக் பாயிண்ட்ல இருக்கு. இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம பக்கத்து பழைய வீடுகள்ல முக்கால்வாசிக்கு இதே கதை தான்.

கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் உள்ள ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், கரண்ட்ல வர்ற இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு தள்ளுறது அதோட வேலை. எர்த் வயர் இருந்தா அது சத்தமில்லாம மண்ணுக்குள்ள போயிரும். எர்த்தே இல்லைன்னா போக இடமில்லாம இரும்பு பெட்டியிலயே நிக்கும், 230 வோல்ட்ல சுமார் பாதி அந்த பெட்டி மேல மிதக்கும், டெஸ்டர் வச்சா விளக்கு எரியும். அளவு ரொம்ப கம்மிங்கிறதால சுர்ருனு தான் இருக்கும், ஆனா சுர்ருங்கிறதை தாண்டி இழுத்து அடிச்சா அது வேற, உள்ள எங்கயோ நிஜமாவே லீக் ஆகுது, உடனே பிளக்கை உருவிருங்க. ஆத்தங்குடி கல்லு பாவின தரையில வெறுங்காலோட நிக்கிறீங்க, அதுவும் துடைச்ச ஈரத்தோட நின்னா கேக்கவே வேணாம்.

அந்த காலத்துல மரச்சட்டத்து மேல கிளிப் அடிச்சு ஓட்டின வயரிங்ல லைட்டு, ஃபேனுக்குன்னு ரெண்டு வயரு தான் ஓடியிருக்கும். பின்னாடி யாரோ மூணு ஓட்டை பிளக் பாயிண்ட் வச்சிருப்பாங்க, அதுல மேல இருக்கிற பெரிய ஓட்டைக்கு பின்னாடி ஒரு வயரும் இருக்காது, பாக்க மட்டும் மூணு பின். எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு காட்டுங்க. அவரு 'இதென்ன பிரமாதம்'னு நியூட்ரலையும் எர்த்தையும் பாயிண்ட் உள்ளயே ஒரு துண்டு வயர்ல இணைக்கப் பாப்பாரு, அதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க, என்னைக்காவது நியூட்ரல் அந்துபோச்சுன்னா முழு கரண்டும் பெட்டி மேல வந்து நிக்கும், அது ஆளை கொல்லும். கொல்லைப் பக்கம் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கி தனியா எர்த் எடுத்து அந்த ரூம் வரைக்கும் பச்சை வயர் இழுக்க சொல்லுங்க, மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையிற சுவிட்ச்) ஒண்ணும் மாட்ட சொல்லுங்க. நம்ம ஊர் வறண்ட மண்ணு, கோடையில அந்த குழியில தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். அது வரைக்கும் பேரன் கம்ப்யூட்டரை டிவியோட எச்டிஎம்ஐ-யில இணைக்க வேணாம், அந்த மிதக்குற கரண்ட் போர்ட்டையே பொசுக்கிரும்.

நெட்டு விஷயம். நம்ம வீட்டு செவுரு இருக்கிற தடிப்புக்கு முகப்புல இருக்கிற வைஃபை வளவை தாண்டி ரெண்டாங்கட்டுக்கு வந்து சேர்றதே கஷ்டம். விண்டோஸ் 11 நெட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டும் இல்லாம முடிக்க விடாது, கமாண்ட் அடிச்சு தாண்டுற வித்தை யூடியூப்ல நிறைய கெடக்கு, மைக்ரோசாஃப்ட் அதையெல்லாம் ஒண்ணொண்ணா அடைச்சுக்கிட்டே வருது. பேரனோட ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிள்ல கம்ப்யூட்டர்ல மாட்டி, போன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்னு இருக்கிறதை ஆன் பண்ண சொல்லுங்க, விண்டோஸ் அதை நெட்டு கேபிள் மாதிரியே எடுத்துக்கும். புது போர்டுல வைஃபை டிரைவர் இல்லாம நிக்கிறவங்களுக்கும் இதே தான் மருந்து. கேபிள் டேட்டா போற கேபிளா இருக்கணும், சில கேபிள் சார்ஜ் மட்டும் தான் ஏத்தும்.

பேர் போடாதீங்க சார். ரைஸ் மில் ஆபீஸ் சிஸ்டத்துக்கு புதுசா எஸ்எஸ்டி வாங்கி, கணக்கு இருக்கிற பழைய ஹார்டு டிஸ்க்கையும் வச்சுக்கிட்டே எஸ்எஸ்டியில விண்டோஸ் போட்டோம். நல்லா ஓடுச்சு. பழைய டிஸ்க் சத்தம் போடுதேன்னு கழட்டினா சிஸ்டமே கிளம்பல, மாட்டினா கிளம்புது. விண்டோஸ் எஸ்எஸ்டியில தானே இருக்கு?
வாசகர், புதுவயல்

விண்டோஸ் எஸ்எஸ்டியில தான் இருக்கு, ஆனா அதை எழுப்பிவிடுற பூட் ஃபைல் பழைய டிஸ்க்ல போயி உக்காந்துக்கிச்சு. வீடு உங்களோடது, சாவி பங்காளி வீட்டுல இருக்கிற கதை. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஏற்கனவே ஒரு டிஸ்க்ல இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல் வைக்கிற தனி பகுதி) இருக்கிறதை பாத்துச்சுன்னா புதுசா ஒண்ணு போடாம அதுலயே எழுதிரும், உங்ககிட்ட கேக்கவும் கேக்காது. அதனால தான் எவ்வளவு டிஸ்க் இருந்தாலும், ஓஎஸ் போடுற டிஸ்க்கை தவிர மத்த எல்லாத்தோட சாட்டா கேபிளையும் உருவி வச்சுட்டு போடுங்கன்னு நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கத்துறேன். தப்பான டிஸ்க்கை ஃபார்மட் பண்ற ஆபத்தும் அதோட போச்சு.

இப்ப உடனே செய்ய வேண்டியது விண்டோஸ் இல்ல, கணக்கு. சத்தம் போடுற டிஸ்க் சாகப் போற டிஸ்க், இன்னைக்கே அதுல இருக்கிற டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டரை வேற ரெண்டு இடத்துல காப்பி எடுங்க, அந்த எஸ்எஸ்டியில ஒண்ணு, வெளிய ஒரு டிஸ்க்ல ஒண்ணு. அதுக்கப்புறம் பூட் ஆகுறதை சரி பண்ணலாம். டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல சி டிரைவை ஒரு 300 எம்பி சுருக்கி, அந்த இடத்துல டிஸ்க்பார்ட் வச்சு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி அதுக்கு ஒரு டிரைவ் எழுத்து குடுத்து, பிசிடிபூட் கமாண்டால சி-யில இருக்கிற விண்டோஸ் ஃபோல்டரை காட்டி அந்த எழுத்துல எழுத சொல்லணும். படிச்சு பாத்து கை நடுங்குதுன்னா விட்டுருங்க, டேட்டா பத்திரமா இருக்கும்போது பழைய டிஸ்க்கை கழட்டிட்டு எஸ்எஸ்டியில புதுசா விண்டோஸ் போட்டுக்கிறது இதை விட சீக்கிரம் முடிஞ்சிரும்.

கடுதாசி கடைசியில ஐநூறு ரூபா விண்டோஸ் லைசென்ஸ் கீ பத்தி கேட்டிருந்தீங்க. அந்த விலையில விக்கிறது பெரும்பாலும் எங்கயோ ஒரு கம்பெனி மொத்தமா வாங்கினதுலேர்ந்து உருவினது, இன்னைக்கு வேலை செய்யும், என்னைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது. கீ இல்லைன்னு குடுத்தாலும் விண்டோஸ் ஏறும், மூலையில ஒரு எழுத்து நிக்கும், வால்பேப்பர் மாத்த முடியாது, மத்தபடி ஓடும், காசு சேந்ததும் வாங்கி போட்டுக்கங்க. வாங்கும்போது ஓஇஎம் கீ-யா ரீடெய்ல் கீ-யான்னு கேளுங்க, ஓஇஎம் அந்த மதர்போர்டோட ஒட்டிக்கும், போர்டு செத்தா கீயும் செத்துச்சு. மில்லு ஆபீஸுக்கு கிராக் மட்டும் வேணாம், ஜிஎஸ்டி போடுற சிஸ்டம் அது.

விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும் (இலவச ஓஎஸ்) ஒரே சிஸ்டத்துல வச்சிருக்கேன் அண்ணா. மின்ட்லேர்ந்து விண்டோஸுக்கு வந்தா கடிகாரம் தப்பா ஓடுது, நெட்டு வந்ததும் சில சமயம் சரியாகுது. பேட்டரிய மாத்தியும் போகல. ரெண்டுலயும் தமிழ் 99 வேணும், எப்படி?
கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

சாயந்தரம் ஆறு மணிக்கு பாத்தா மதியம் 12.30 காட்டும், சரியா? அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அந்த அஞ்சரை தான் துப்பு, நம்ம இந்திய நேரத்துக்கும் உலக பொது நேரமான யூடிசி-க்கும் உள்ள வித்தியாசம் அது. போர்டுல இருக்கிற கடிகாரத்துல லினக்ஸ் யூடிசி-ய எழுதி வைக்குது, விண்டோஸ் வந்து அதையே உள்ளூர் நேரம்னு படிக்குது. பேட்டரி பாவம், அது என்ன பண்ணும். மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் கமாண்ட் வச்சு லோக்கல் ஆர்டிசி-ய 1-னு செட் பண்ணிட்டா ரெண்டும் சமாதானம் ஆயிரும்.

விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணிருங்க தங்கச்சி. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா தூங்காது, சி டிரைவை அரைகுறையா பிடிச்சுக்கிட்டே இருக்கும், மின்ட்லேர்ந்து அதுல எதையாவது சேவ் பண்ணப் போனா படிக்க மட்டும் தான் விடுவேன்னு நிக்கும். புதுசா ரெண்டும் போடப் போறவங்க விண்டோஸை மொதல்ல போடுங்க, மின்ட்டை அப்புறம் போடுங்க, மின்ட் வரும்போது விண்டோஸ் இருக்கிறதை பாத்து பூட் மெனுவுல அதையும் சேத்துக்கும், விண்டோஸுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

தமிழ் 99, 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை, விண்டோஸ் 11-ல உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ்ல லாங்குவேஜ்ல தமிழை சேத்து, கீபோர்டு ஆப்ஷன்ல தமிழ் 99 எடுங்க, விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் அமுக்கினா மாறும். மின்ட்ல ஐபஸ்ங்கிற டைப்பிங் சாஃப்ட்வேரும் அதுக்கான எம்17என்-னும் போட்டுட்டு தமிழ் 99-ஐ சேருங்க. கீபோர்டு லேஅவுட் லிஸ்ட்லயும் தமிழ்நெட் 99-ன்னு ஒண்ணு இருக்கும், அதை எடுத்தா புள்ளி தானா விழாது, ஐபஸ் வழி தான் நல்லது.

சிஸ்டம் சேத்து ஆறு மாசமா நல்லா ஓடுது. பயாஸ் அப்டேட் பண்ணினேன், அதுக்கப்புறம் நீல திரையில 48 நம்பர் கேக்குது. நான் எந்த பாஸ்வேர்டும் வைக்கலையே?
வாசகர், காரைக்குடி

நீங்க வைக்கல, விண்டோஸ் வச்சிருச்சு. விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்புலேர்ந்து புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போனா டிஸ்க்கை அதுவே என்கிரிப்ட் பண்ணி பூட்டிரும், சாவி டிபிஎம்ல இருக்கும். பயாஸ் அப்டேட்ல டிபிஎம் அழிஞ்சா அந்த சாவி போச்சு. ஏஎம்டி போர்டுனா அப்டேட் முடிஞ்சு வரும்போது கருப்பு திரையில இங்கிலீஷ்ல ஒரு பத்தி வந்திருக்கும், ஒய் (Y) அமுக்கினா எஃப்டிபிஎம்மை ரீசெட் பண்ணும், என் (N) அமுக்கினா அப்படியே விடும்னு, நீங்க படிக்காம ஒய் அமுக்கியிருப்பீங்க. போன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள்ள போங்க, டிவைசஸ் பகுதியில உங்க சிஸ்டம் பேருக்கு கீழ ரெக்கவரி கீ இருக்கும், 48 இலக்கத்தையும் பாத்து பாத்து அடிங்க. அந்த அக்கவுண்ட் ஐடியே மறந்துட்டா டேட்டா போனது போனது தான், எந்த சர்வீஸ்காரரும் எடுத்துக் குடுக்க முடியாது, எடுத்து தர்றேன்னு காசு கேட்டா நம்பாதீங்க.

எல்லாரும் புதுசா விண்டோஸ் போட்ட அன்னைக்கே அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல பத்திர கட்டோட வச்சிருங்க. பயாஸ் அப்டேட்டை நல்லா ஓடுற சிஸ்டத்துக்கு சும்மா ஆசைக்கு பண்ணாதீங்க, பண்ணியே ஆகணும்னா யூபிஎஸ் இல்லாம தொடாதீங்க, பாதியில கரண்ட் போச்சுன்னா போர்டு செங்கல்லு.

நாலாவது ஜென் ஐ5, விண்டோஸ் 10. புது சிஸ்டத்துக்கு இப்ப காசு இல்ல. என்ன பண்றது?
வாசகர், கோனாபட்டு

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சது. வீட்டு சிஸ்டத்துக்கு கூடுதலா செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் தர்ற திட்டம் இருக்கு, அப்டேட் பக்கத்துலயே சேரலாம். விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாவது ஜென்லேர்ந்து தான், தாண்டிப் போட வழி இருக்கு, நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் நின்னு போராடணும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு சின்னதா ஒரு எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் மின்ட் 22 போடுங்க, 2029 வரைக்கும் அப்டேட் வரும், ப்ரவுசர், யூடியூப், லெட்டர் அடிக்கிறது எல்லாத்துக்கும் அந்த ஐ5 இன்னும் தாராளம். டேலி வேணும்னா மட்டும் மின்ட் சரிப்படாது.

விண்டோஸ் போட்டாச்சு. ஆன்டிவைரஸ் வாங்கணுமா? 6000 ராம்னு காசு குடுத்து வாங்கினது 4800-ன்னு காட்டுது.
வாசகர், குன்றக்குடி

ஆன்டிவைரஸ் வேணாம், உள்ளயே இருக்கிற டிஃபெண்டர் போதும். ராமுக்கு பயாஸ்ல எக்ஸ்போ, இன்டெல் போர்டுனா எக்ஸ்எம்பின்னு வேகத்தை ஏத்துற செட்டிங் இருக்கும், அதை ஆன் பண்ணாம 6000-க்கு போகாது. இன்ஸ்டால் முடியிற வரைக்கும் 4800-லயே விட்டது நல்லதா போச்சு, வேகத்தை ஏத்தி வச்சுட்டு ஓஎஸ் போடப் போயி நடுவுல எர்ரர் வந்தா பென்டிரைவா, ராமான்னு தேடி அலையணும்.

எங்க அப்பத்தா ராகு காலத்துல விண்டோஸ் போடக் கூடாதுங்கிறாங்க. உங்க கருத்து?
வாசகர், செட்டிநாடு

அப்பத்தா சொல்றதை கேளுங்க, ஒண்ணரை மணி நேரம் தானே. அதோட மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துற நாள் எதுன்னு பேப்பர்ல பாத்துக்கங்க, காலையில 9 மணிக்கு போனா சாயந்தரம் வரைக்கும் வராது.